மருந்தென்னும் பெயர்

ஒரு பொருள் மருந்தாவது தன் இயல்பாலா, உண்போன் நிலையாலா, அன்றி அரசு அதற்கு இட்ட பெயராலா என்னும் வினா பழமையானது. நாகத்தின் நஞ்சும் மருத்துவன் கையில் உயிர் காத்தல் உண்டு. பசுவின் பாலும் செரிமானம் கெட்டானுக்குத் தீங்கு செய்தல் உண்டு. ஆதலின் இயல்பு ஒன்றையே பற்றி இது மருந்து, இது நஞ்சு என்று முடித்தல் இயலாது. உண்போன் நிலை ஒன்றையே பற்றி முடிக்கப் புகின், நோயாளன் விரும்புவன எல்லாம் மருந்தாய்விடும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காணுதல் மருத்துவ நூலோர் கடன். ஆயின் 1996ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்னியாவில் அக்கடன் நூலோர் கையினின்றும் நழுவிக் குடிமக்கள் கையில் வீழ்ந்தது. மருத்துவர் கருத்துப்படி நோய்க்காகக் கஞ்சாவை வைத்திருப்பாரும் பயிரிடுவாரும் மாநிலச் சட்டத்தால் ஒறுக்கப்படலாகாது என்னும் 215ஆம் முன்மொழிவு அன்று வாக்கெடுப்பிற்கு விடப்பட்டது. வாக்களித்தாருள் நூற்றுக்கு 55 பேருக்கு மேற்பட்டார் அதனை ஏற்றனர். மருந்து இன்னதென்பதை வாக்கெண்ணித் துணிதல் முறையாகுமா? அங்ஙனம் துணிந்தாரைப் பழிக்குமுன், அவரை அந்நிலைக்குத் தள்ளினார் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

கஞ்சா மேனாட்டு மருத்துவத்தில் நுழைந்தது நம் நாட்டின் வழியாகவே. கல்கத்தாவில் மருத்துவ ஆசிரியராயிருந்த வில்லியம் ஓசாக்னெசி என்பார், இந்நாட்டு வைத்தியர்களும் மக்களும் கையாண்ட முறைகளைக் கேட்டறிந்து, விலங்குகட்குக் கொடுத்துச் சோதித்து, பின்னர் இசிவு நோய், வாத நோய் முதலியன உற்றார்க்கு அளந்து கொடுத்துக் கண்டவற்றை 1839இல் வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பிய மருத்துவர் பலர் அதனை மேற்கொண்டனர். அமெரிக்க அரசினர் ஒப்புக்கொண்ட மருந்து நூலிலும் அது சற்றேறக்குறைய 90 ஆண்டுகள் இடம்பெற்றிருந்து, 1942இல் நீக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1937இல், கஞ்சாவின்மேல் கடுமையான வரி விதிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சார்பில் சென்ற வில்லியம் உட்வர்டு என்பார் அச்சட்டத்தை மறுத்துச் சான்று கூறினார். அவர் சொல் ஏறவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டமோ, மருத்துவப் பயன் சிறிதும் இல்லாதன என்று கருதப்பட்ட முதல் அட்டவணையில் அபினிச் சரக்காகிய எராயினோடு கஞ்சாவையும் சேர்த்துவைத்தது.

இதற்கு மாறாக, நம் நாட்டில் ஆங்கில அரசினர் 1893இல் அமைத்த கஞ்சா ஆராய்ச்சிக் குழுவினர் செய்த வேலை நினைக்கத்தக்கது. அவர்கள் ஏறக்குறைய 1,200 பேரை வினவினர்; அறிக்கை 7 தொகுதிகளாய் வெளிவந்தது. கஞ்சாவே பித்துக்குக் காரணம் என்று பித்தர் விடுதிப் பதிவேடுகள் கூறியதை அவர்கள் அப்படியே கொள்ளவில்லை. அப்பதிவை எழுதினார் யார், எவர் சொற்கேட்டு எழுதினார் என்று தேடிச்சென்று, பல இடங்களில் ஆராயாமலே எழுதப்பட்டதென்று கண்டனர். உரையளவையைக் கொள்ளுமுன் உரைத்தவன் கண்டறிந்தவனா என்று வினவுதல் தருக்க நூலின் முதற்பாடம். அதனைக் குழுவினர் எழுவர் செய்துகாட்டினர் எனலாம். அளவோடு கொள்வார்க்குப் பெருந்தீங்கு இல்லை, அளவு கடந்தார்க்கு உண்டு என்பது அவர் முடிபு. கஞ்சாவைச் சிவபெருமானுக்கு உரியதென்று சொல்லிப் புகைக்கும் வடநாட்டுத் துறவியர் வழக்கமும் அவ்வறிக்கையில் பேசப்படுகின்றது. தன் வேட்கைக்கு இறைவன் பெயரைக் காட்டுதல் எளிது. நோயாளன் பெயரைக் காட்டுதலும் அதனினும் அரிதன்று. அது பின்னர் விளங்கும்.

முதல் அட்டவணையில் வைத்ததன் விளைவு யாது? பயனில்லை என்று அட்டவணை கூறுதலின் ஆராய்ச்சிக்கு இசைவு பெறுதல் அரிதாயிற்று. ஆராய்ச்சி இன்மையின் பயனில்லை என்னும் கூற்று நிலைத்தது. இதனைத் தருக்க நூலார் ஒன்றையொன்று பற்றுதல் என்னும் குற்றமாகக் கூறுவர். ஆராய்ச்சிக்குரிய கஞ்சாவும் 1968 முதல் ஐம்பதாண்டுகட்கு மேலாக மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் தோட்டம் ஒன்றிலிருந்தே கிடைத்துவந்தது. வேறு சிலர்க்கும் பயிரிட இசைவளித்தது 2021இலேதான்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. கண்ணின் அழுத்தம் மிகுந்து பார்வை குன்றும் நோயுற்ற ஒருவர், கஞ்சா வளர்த்த குற்றத்திற்கு ஆளாகி, அது தம் கண்ணைக் காக்க இன்றியமையாதது என்று வாதாடி 1976இல் வென்றார். அதன்பின் 1978 முதல் கூட்டரசே, தானே பயனற்றதென்று கூறிய அப்பொருளைச் சுருட்டாகச் சுற்றித் தகரக்குவளையில் அடைத்து, விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளர் சிலர்க்கு அளித்துவந்தது. எய்ட்ஸ் நோயாளர் பலர் விண்ணப்பிக்கத் தொடங்கியபொழுது, 1992இல், புதியோர்க்கு வாயில் அடைக்கப்பட்டது; முன்னரே பெற்றுவந்தார் பெற்றுக்கொண்டேயிருந்தனர். ஒருவனுக்கு மருந்தாவதும் அவன் அயலானுக்குக் குற்றமாவதும் ஒரே பொருளாயின், வேறுபாடு பொருளிலும் இல்லை, நோயிலும் இல்லை. விண்ணப்பம் சென்ற நாளில் இருக்கின்றது. இத்தகைய அரசு, குடிகள் வாக்கால் மருந்தைத் துணிந்தனர் என்று குறைகூற வாயுடையது அன்று.

அக்காலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரின் நிலையை அறியாதார்க்கு அக்கிளர்ச்சியின் வேகம் விளங்காது. எய்ட்ஸ் நோய் அந்நகரில் இளைஞர் ஆயிரக்கணக்கினரைக் கொண்டது. உணவு ஏலாது, ஏற்றது வயிற்றில் தங்காது, உடல் எலும்பாய் உலர்ந்து இறப்பர். கஞ்சா புகைத்தால் குமட்டல் அடங்கிப் பசி எழுகின்றது என்று அவருட் பலர் கண்டனர். அதன் சத்தை வில்லையாக்கிய மருந்து 1985 முதல் விற்கப்பட்டதே எனின், உண்மையே; ஆயின் விழுங்கியதெல்லாம் கக்குவானுக்கு விழுங்கும் வில்லையால் ஆவது யாது? டென்னிஸ் பெரோன் என்பார் நெடுங்காலம் கஞ்சா விற்றவர். அவரோடு வாழ்ந்த அன்பர் அந்நோயால் நலிந்து, அந்நிலையிலும் நீதிமன்றம் சென்று, வீட்டிற் பிடிபட்ட கஞ்சா தமக்கு மருந்தாக வைத்தது என்று சான்று கூறி, அண்மையிலேயே 1990இல் இறந்தார். அத்துயரே பெரோனைப் பொதுப்பணியில் இறக்கியது. 1991இல் நகர மக்கள் மருத்துவக் கஞ்சாவிற்கு ஏறத்தாழ நூற்றுக்கு 80 வாக்களித்து ஆதரவு காட்டினர். மாநிலச் சட்டமன்றம் 1994இலும் 1995இலும் மசோதா இயற்றியது. ஆளுநர் பீட் வில்சன் இரண்டையும் மறுத்தார். கையெழுத்துத் திரட்டி முன்மொழிவாகக் கொண்டுவந்தது அதன் பின்னரே.

இனி அம்முன்மொழிவை ஆராய்வோர்க்கு, திருக்குறளின் மருந்து அதிகாரம் ஓர் அளவுகோல் தருகின்றது. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வான் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். வியப்பென்னவெனின், 215ஆம் முன்மொழிவை எழுதினாரும் இந்நான்கையே தொட்டனர்.

நோயுற்றவன் யார் என்பதற்குப் புற்று, எய்ட்ஸ், நீங்கா வலி, தசையிசிவு, கண்ணழுத்தம், மூட்டுநோய், ஒற்றைத் தலைவலி முதலியவற்றை எண்ணி, இறுதியில் கஞ்சாவால் தணியும் வேறு எந்நோயும் என்று சேர்த்தனர். இலக்கணம் கூறப் புகுந்தவர் ஈற்றில் அதனை அவிழ்த்துவிட்டனர். கூட்டரசின் அட்டவணை உரியவரையும் புறந்தள்ளிய குன்றக்கூறல். இஃது உரியவரல்லாரையும் உள்ளிழுக்கும் மிகைபடக்கூறல். கஞ்சாப் பயன்பாடு யாவும் மருத்துவமே என்பது பெரோன் வெளிப்படையாகக் கூறிய கருத்து. அங்ஙனமாயின் நோயற்றவன் என்பான் ஒருவனும் இல்லை. நோயற்றவன் இல்லாத உலகில் நோயாளன் என்னும் சொற்குப் பொருளும் இல்லை.

மருத்துவன் எழுத்தாலோ வாய்ச்சொல்லாலோ பரிந்துரைத்தல் போதும் என்றனர். அளவும் காலமும் குறித்து மருந்துச்சீட்டு எழுதவேண்டுவதில்லை. முன்மொழிவு நிறைவேறிய மறுமாதமே, பரிந்துரைக்கும் மருத்துவரின் உரிமையைப் பறிப்போம் என்று கூட்டரசு அச்சுறுத்தியது. நோயாளனிடம் தான் உண்மையெனக் கருதுவதைச் சொல்லுதற்கு மருத்துவனைத் தண்டித்தல் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்த்தது. மிகச் சிறந்த தீர்ப்பு. ஆயினும் அத்தீர்ப்பு காத்த வாய்ச்சொல்லைச் சில மருத்துவர் விலைக்கு விற்றனர் என்பதையும் மறைத்தலாகாது. சிறிது நேரம் பேசிக் கட்டணம் பெற்றுக் கடிதம் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட இல்லங்கள் மாநிலத்தில் தோன்றின. இதனால் கெட்டவன் யார்? பொய் நோயாளன் இன்பம் பெற்றான். மருத்துவன் பொருள் பெற்றான். மெய்ந்நோயாளன் கடிதம் காட்டியபொழுது கண்டவர் நகைத்தனர். பொய்யின் கூலியை மெய்யன் செலுத்தினான்.

மருந்தைப் பற்றியோ முன்மொழிவு ஏறக்குறைய ஒன்றும் கூறவில்லை. எவ்வளவு, எங்கே பெறுவது, யார் விற்பது என்பன இல்லை. அரசுகள் ஏற்பாடு செய்க என்னும் ஊக்கவுரையே உண்டு. பணிசெய்வான் என்பதற்கு, நோயாளனது உறைவிடம், உடல்நலம், காப்பு ஆகியவற்றின் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்றிருப்பவன் என்று தெளிவான இலக்கணம் கூறினர். பெரோனின் கழகமோ தன்பால் கஞ்சா வாங்கிய ஆயிரக்கணக்கானவர்க்கும் தானே பணிசெய்வான் என்று உரிமை கோரியது. நீதிமன்றம் 1997இல் அதனை மறுத்தது. விற்பவன் வேறு, அருகிருந்து உடல் துடைப்பவன் வேறு. மேரி ரத்பன் என்னும் மூதாட்டியே அவ்விலக்கணத்திற்கு அணுக்கமானவர். கஞ்சா சேர்த்த இனிய பணியாரம் சுட்டு எய்ட்ஸ் நோயாளர்க்குக் கொடுத்தவர். மருத்துவமனையில் ஊதியமின்றிப் பணிசெய்தவர். 1992இல் எழுபதை நெருங்கிய பருவத்திலும் சிறைப்பட்டவர். தொடக்கத்தில் அவரும் பணியாரத்தை விற்றே பிழைத்தார். 1981இல் பிடிபட்டபொழுது தண்டனையாக விதிக்கப்பட்ட பொதுத்தொண்டே அவரை நோயாளரிடம் கொண்டுசேர்த்தது. தண்டனை நன்மை பயத்த இடமும் இவ்வரலாற்றில் இஃதொன்று உண்டு.

செல்வர் சிலர் பெரும்பொருள் கொடுத்தே முன்மொழிவு வென்றது. அவருள் ஜார்ஜ் சோரோஸ் முதலானோர்க்கு நோயாளனைக் காட்டிலும் கஞ்சாத் தடைச்சட்டத்தை ஒழித்தலிலேயே நோக்கம். ஆதலின் அது வஞ்சனை என்பர் மறுப்போர். நோக்கம் கலப்புடையதாயின் செயல் தீதாகுமா? ஓடக்காரன் கூலிக்கே தள்ளினும் ஓடம் கரைசேர்கின்றது. குமட்டல் நீங்கி ஒரு கவளம் உண்டவனுக்குப் பொருள் கொடுத்தவன் உள்ளம் யாதாயினும் அக்கவளம் மெய்யே. ஆயின் ஓடக்காரன் பயணியை முன்னிறுத்தித் தன் சரக்கை ஏற்றுவானாயின், ஓடம் ஆழும்பொழுது முதலில் முழுகுபவன் பயணி. வஞ்சனை என்னும் பழி முழுதும் பொருந்தாது. முழுதும் நீங்கவும் இல்லை.

வாக்கு ஒரு பொருளை மருந்தாக்க வல்லதன்று என்பதற்கு அம்முன்மொழிவிலேயே சான்று உண்டு. அதில் பெயர்பெற்ற கண்ணழுத்த நோயில் கஞ்சா அழுத்தத்தைக் குறைப்பது சில மணிநேரமே. ஆதலின் கண் மருத்துவர் அதனைச் சிகிச்சையாகக் கொள்வதில்லை. மறுபக்கம், 2017இல் அமெரிக்க அறிவியற் கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியுரை, நீங்கா வலியிலும், புற்று மருந்தால் வரும் குமட்டலிலும், நரம்புநோய் ஒன்றில் நோயாளர் கூறும் இசிவிலும் பயனுண்டு என்பதற்கு வலிய சான்று கண்டது. குழந்தைகளை வாட்டும் அரிய வலிப்பு நோய் இரண்டிற்குக் கஞ்சாவினின்றும் பிரித்த, மயக்கந்தராத சத்து ஒன்று 2018இல் மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இவை வாக்கால் வந்தனவல்ல. அளந்து, ஒப்பிட்டு, கண்டு துணிந்தன. வாக்குச் செய்தது வேறு: பிணியாளனைச் சிறையினின்றும் விலக்கியது. அதனைச் செய்தற்கு மக்கட்கு உரிமை உண்டு. பொருளின் குணத்தைப் பெரும்பான்மையோர் அறியார். துன்புறுவானைத் துன்புறுத்தலாமா என்பதை எவரும் அறிவர்.

கூட்டரசின் தடை மாநில நோயாளரையும் கட்டுமா என்னும் வழக்கில், கட்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றத்தார் 6 பேர் தீர்த்தனர். 3 பேர் மறுத்தனர். மறுத்தாருள் ஒருவராகிய சாண்ட்ரா டே ஓகானர் அம்மையார், தாம் கலிபோர்னியக் குடியாயிருந்தால் அம்முன்மொழிவிற்கு வாக்களித்திருக்கமாட்டார் என்பதைத் தம் தீர்ப்பிலேயே எழுதினார். எனினும் அம்மாநிலத்தார் தாமே ஆராய்ந்து துணிதற்குரியவர் என்றார். தாம் ஏலாத கொள்கையை மேற்கொள்வானது உரிமையைக் காத்தல் நடுவுநிலைமையின் அரிய இடம். இருபக்கத்தும் கூச்சலிட்டார் நடுவே இவ்வம்மையார் சொல்லே நிதானமுடையது.

2016இல் 64ஆம் முன்மொழிவு, நோயின்றியும் 21 வயது நிரம்பினார் கஞ்சா கொள்ளலாம் என்று வாயிலை முழுதும் திறந்தது. பெரோன் அதனை எதிர்த்தார். யாவும் மருத்துவமே என்று கூறியவர்க்கு, மருத்துவமல்லாத பயன் என்று ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் தம் சித்தாந்தத்திற்கு முரண். அம்மட்டில் அவர் தம் சொல்லில் வழுவவில்லை. அவர் 2018இல் இறந்தார். 64ஆம் முன்மொழிவில் நோயாளர்க்கென்று எஞ்சிய தனியிடம் சிறிது: அரசின் அடையாளச்சீட்டு வைத்திருப்பார் கடையில் விற்பனை வரி செலுத்தவேண்டுவதில்லை.