கட்டளை எது, கருத்து எது?

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்). அவர்களின் அக்கம்பக்கத்து மாப்பிளா முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபினர். இரு தரப்புக்கும் குர்ஆன் ஒன்று, நபி ஒருவர். ஆனால் பருவமடைந்த பெண் வலீ (பொறுப்பாளர்) இல்லாமல் தன் நிக்காஹைத் தானே முடித்துக்கொண்டால், அது செல்லும் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் முடிவு. செல்லாது என்பது இமாம் ஷாஃபியின் முடிவு. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கு இரண்டு விடைகள். இரண்டையும் மார்க்கத்துக்கு உட்பட்டவை என்றே உலமாக்கள் ஏற்கிறார்கள். அப்படியானால், ‘இது அல்லாஹ்வின் கட்டளையா, அறிஞர் ஒருவரின் புரிதலா?’ என்று பெண் கேட்பது வரம்பு மீறல் ஆகாது. ஃபிக்ஹு என்னும் சட்டக்கலையே அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்தக் கேள்வியை நபியிடமே கேட்ட பெண் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பரீரா, கணவர் முகீஸைப் பிரிந்தார். முகீஸ் அழுதுகொண்டே பின்தொடர்வதைக் கண்ட நபி (ஸல்), மீண்டும் சேரலாமே என்றார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. பரிந்துரைதான் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். புகாரியில் பதிவான செய்தி இது. பெண் குறுக்கே வந்தால் தொழுகை முறியும் என்று சொல்லப்பட்டபோது, நபி தொழும்போது அவர்களுக்கு முன்னால் தாம் படுத்திருந்ததைச் சான்றாக வைத்து மறுத்தவர் ஆயிஷா (ரலி). நபித்தோழர்களின் அறிவிப்புகளில் அவர் செய்த திருத்தங்களை 14ஆம் நூற்றாண்டில் இமாம் ஸர்கஷீ தனி நூலாகவே தொகுத்தார்.

கேள்வி கேட்கும் இந்த உரிமை மறுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. கணவன் காணாமல் போனால், அவன் வயதொத்தவர்கள் இறந்து தீரும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனஃபி நிலை. பிரிட்டிஷ் இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில், திருமணத்திலிருந்து விடுபடப் பெண்கள் சிலர் மதத்தையே துறந்தார்கள். அதன் பிறகே மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி, மாலிகி மத்ஹபின் தீர்வை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. மாற்ற முடியாதது என்று கருதப்பட்ட ஒன்று மாறியது. ஆனால் பெண்கள் மார்க்கத்தைவிட்டு வெளியேறிய பின்தான் மாறியது.

மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலா விவகாரமும் இப்படித்தான். தாபித் இப்னு கைஸின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தர முன்வந்தார். அதைப் பெற்றுக்கொண்டு அவரை விடுவிக்குமாறு நபி தாபித்திடம் சொன்னார்கள். இது கணவனுக்கு இட்ட கட்டளை அல்ல, அறிவுரை என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் பொருள் கொண்டார்கள். கணவன் சம்மதித்தால்தான் குலா என்றானது. மாற்றிப் படிக்கவும் இடம் இருக்கிறது. குர்ஆன் தரும் உரிமை என்ற அடிப்படையில், 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் தன் 1972 தீர்ப்பை மாற்றி, நீதிமன்றத்துக்கு வெளியே பெண் குலா பெறலாம் என்றது. 2022இல் மறுசீராய்வு மனுவைத் தள்ளி, கணவனின் சம்மதம் அதற்குத் தேவையில்லை என்று உறுதிப்படுத்தியது.

அரபு மொழியும் உசூலும் (சட்டக்கலையின் மூல விதிகளும்) கல்லாதவர் விளக்கம் சொல்லலாமா என்பது பெண்களின் கேள்விக்கு வரும் முதல் எதிர்ப்பு. நியாயமான கேள்வி. கல்வி கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஆணுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை: 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் புகாரியின் தொகுப்பைக் கற்பித்த கரீமா அல்மர்வஸிய்யாவிடம் பெரிய அறிஞர்கள் பாடம் கேட்டார்கள். இன்று ஆலிமா பட்டம் பெறும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் கருத்து சபையேறுவதுதான் அரிது. நீதிமன்றம் ஏன் மார்க்கத்தில் தலையிட வேண்டும் என்பது இரண்டாவது. பள்ளிவாசல் ஜமாஅத் கேட்டிருந்தால் பெண் ஏன் நீதிமன்றப் படி ஏறப்போகிறாள்? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென ஜமாஅத் தொடங்கியதும், ஆண்களின் ஜமாஅத்தில் பெண்ணின் முறையீடு எடுபடாததால்தான். சமூகத்தின் மீது பகை கொண்டவர்கள் இந்தப் பேச்சைப் பயன்படுத்துவார்கள் என்பது மூன்றாவது. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் பகைவருக்குப் பயந்து மனைவியின் நியாயத்தை ஒத்திவைத்தால், அந்தப் பகைக்கு விலை கொடுப்பவள் அவள் மட்டுமே.

ஆகவே கேரள–தமிழக எல்லைப் பகுதியின் மஹல்லு கமிட்டிகளும் ஜமாஅத்துகளும் ஒன்றைச் செய்ய வேண்டும்: நிக்காஹ், தலாக், குலா வழக்குகளை விசாரிக்கும் இடத்தில், கற்ற பெண்களை முடிவெடுக்கும் உரிமையோடு அமர்த்துங்கள். பரீராவின் கேள்விக்கு நபி விடை சொன்னார்கள். மறுக்க நமக்கு உரிமை இல்லை.