கையொப்பமும் சம்மதமும்

ஒரு மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்பதற்கு இரண்டு நோக்கங்கள் இருக்கலாம். அவருடைய நோயைத் தீர்ப்பது ஒன்று. அவருடைய நோயிலிருந்து ஏதேனும் கற்றுக்கொள்வது மற்றொன்று. முன்னதில் நாடப்படும் நன்மை அந்த நோயாளிக்கே உரியது. பின்னதில் நாடப்படும் நன்மையோ, அவர் என்றுமே காணப்போகாத யாரோ சிலருக்கு உரியது. இரண்டிலும் வெள்ளை அங்கி ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான். நோக்கம் வேறு என்பதை நோயாளி அறிந்திருக்கிறாரா என்பதே மருத்துவ ஆய்வின் முதல் அறவினா.

இவ்வினா நம் பகுதிக்குத் தொலைவானதன்று. பின்னலாடைத் தொழிலால் உலகச் சந்தையில் பெயர்பெற்ற திருப்பூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி இருக்குமிடத்தில் ஆய்வும் இருக்கும். ஆய்வுக்குரிய பொருளுக்கும் இங்கே குறைவில்லை. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் நூற்பாலைத் தொழிலாளியின் நுரையீரல், சாயப்பட்டறையில் ரசாயனங்களோடு புழங்குகிறவரின் தோல், நீண்ட ஷிப்டுகளில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் முதுகு, இவை பற்றியெல்லாம் அறிய வேண்டியது ஏராளம். அறிய முற்படுகிறவரை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அத்தொழிலாளியை அணுகுமுன் அவர் ஒரு வாசலைக் கடந்தாக வேண்டும். அதுவே மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அளிக்கும் அனுமதி.

இந்த அனுமதி எளிதில் கிடைப்பதன்று. எதற்காக இந்த ஆய்வு, யாரை எவ்வாறு தெரிவு செய்வது, எவ்வளவு இரத்தம் எடுப்பது, என்ன தீங்கு நேரலாம், நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, திரட்டும் செய்திகள் எப்படி மறைவாகக் காக்கப்படும் என்பவற்றையெல்லாம் ஆய்வாளர் எழுதித் தர வேண்டும். நோயாளிக்கு அளிக்கும் விளக்கத் தாளும் ஒப்புதல் படிவமும் அவர் அறிந்த மொழியில் இணைக்கப்பட வேண்டும். குழு கூடி ஆராயும். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பவும் கூடும். புதிய மருந்தைச் சோதிப்பதாயின் நடுவண் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் இசைவும் தேவை. மருந்துச் சோதனைகளை நாட்டின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். இவற்றுக்கு மாதங்கள் ஆகலாம். பயன் பெரிதெனில் இத்தனை தாள்கள் எதற்கு என்று ஆய்வாளர் சலித்துக்கொள்வதும் இயல்பே.

அச்சலிப்பில் ஒரு நியாயம் உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அம்மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறுபிரிவினருக்கு அவரவர் வீட்டிலுமாக ஓராண்டு மருந்து கொடுத்தது. 1959இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும், வீட்டில் 86 விழுக்காட்டினரும் நல்ல பலன் பெற்றிருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. படுக்கைகளுக்காகக் காத்திருந்த ஏழை நாடுகளுக்கெல்லாம் இது பெரும் விடுதலை. சென்னையின் ஏழைகள் உலகுக்கு அளித்த கொடை என்றே இதனைச் சொல்லலாம். ஆகவே, ஆய்வே வேண்டாம் என்று ஒதுங்குவது அறமாகாது. அதனால் முதலில் இழப்பவர்கள் ஏழைகளே.

ஆனால் கொடுத்ததே கொடை, எடுத்துக்கொண்டது கொடையாகாது. இதனை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 2009இல் ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி அங்கும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியர்க்கு ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ்ப் போடப்பட்டது. பாத் என்னும் அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் இதில் இணைந்திருந்தன. ஏழு சிறுமியர் இறந்ததையொட்டி எழுந்த எதிர்ப்பால் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை 2013 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆந்திரத்தில் பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 1,948இல் பெருவிரல் ரேகை மட்டுமே இருந்தது. 2,763 படிவங்களில் கையொப்பமிட்டிருந்தவர்கள் விடுதி வார்டன்கள்.

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அம்மரணங்களுக்குத் தடுப்பூசியே காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. தடுப்பூசியோ பல நாடுகளில் பெண்களைக் காத்துவரும் நல்ல மருந்து. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது? விளைந்த தீங்கை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர், தவறே இல்லை என்று கூறிவிடுவார். நம்மால் அவ்வாறு கூற முடியவில்லை. ஒரு சிறுமியின் உடலைப் பற்றிய முடிவு, அவளும் அறியாமல், அவளைப் பெற்றவர்களும் அறியாமல், விடுதிச் சாவியை வைத்திருப்பவரால் எடுக்கப்பட்டது. எவருக்கும் ஒரு காய்ச்சல்கூட வராதிருந்தாலும் இது அநீதியே. தீங்கு வேறு, அநீதி வேறு. நன்மை செய்யும் கரமும் அநீதி செய்ய முடியும். 1952 செப்டம்பரில் மருத்துவ வல்லுநர்களிடையே உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், நோயாளி தாமாக அளிப்பதற்கு மேற்பட்ட எந்த உரிமையும் அவர்மீது மருத்துவருக்கு இல்லை என்றார். அறிவியலின் முன்னேற்றம் இந்த எல்லையை அழித்துவிடுவதில்லை.

விடுதி வார்டன் என்னும் சொல் நம் பகுதியினருக்குப் புதிதன்று. நூற்பாலைகளின் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் எத்தனை பேர்! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் உழைப்போர் எத்தனை பேர்! தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிடாய் வலிக்குப் பெயரொட்டாத மாத்திரைகள் தரப்பட்டதாகச் சுமார் நூறு பெண்கள் கூறிய செய்தியைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்டது. அது ஆய்வன்று. ஆனால் மேற்பார்வையாளர் நீட்டுவதை என்னவென்று கேளாமல் விழுங்கப் பழகிய ஒருவர், நாளை ஆய்வாளர் நீட்டும் படிவத்தை எவ்வாறு பெற்றுக்கொள்வார்? கையொப்பம் கிடைக்கும். சம்மதம் கிடைக்குமா?

2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. நிர்வாகியோ தலைவரோ தரும் இசைவு, தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. எழுதப் படிக்க அறியாதவர் ஒப்பும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். விலகிக்கொள்பவருக்குக் கிடைக்கும் சிகிச்சை எவ்வகையிலும் குறையக் கூடாது. இவை மூன்றும் ஏழையின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு இடப்பட்ட வேலிகள். மறுக்கும் உரிமை இல்லாதவர் சொல்லும் 'ஆம்' வெறும் கீழ்ப்படிதலே.

எனினும் விதிகள் தாமாக நடப்பதில்லை. மருந்துச் சோதனைகளை ஆராயும் நெறிமுறைக் குழு பற்றிய 2019ஆம் ஆண்டின் விதிகள், குறைந்தது ஏழு உறுப்பினர்களைக் கேட்கின்றன. தலைவர் அந்நிறுவனத்தைச் சேராதவராயிருக்க வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர் ஒருவர் வேண்டும். சமூகவியலாரோ மெய்யியலாரோ இறையியலாரோ ஒருவரும், சாதாரணப் பொதுமகன் ஒருவரும் வேண்டும். பொதுமகன் வராவிடில் அன்று முடிவெடுக்க இயலாது. பட்டமும் பதவியும் கேளாத இந்த நாற்காலி பொதுநிலையினராகிய நமக்காகவே போடப்பட்டிருக்கிறது. அதில் அமர்ந்து, தேநீர் அருந்தி, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டு வருபவரும் உண்டு. அவர் செய்வதற்கும் கம்மத்தின் வார்டன் செய்ததற்கும் வேறுபாடு சிறிதே.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரை இயேசு குணமாக்கியதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். குணமாக்குமுன், நலம்பெற விருப்பமா என்று அவரை வினவுகிறார். எல்லாம் வல்லவரே கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார் எனில், கேளாமல் தொடும் உரிமை வேறு யாருக்கு உண்டு? அம்மனிதரின் மறுமொழியோ தமக்கென ஓர் ஆளில்லை என்பதாக இருந்தது. வெளிமாநிலத்திலிருந்து வந்து, மொழி தெரியாமல், மருத்துவமனை வராந்தாவில் படிவத்தோடு நிற்கும் தொழிலாளியின் நிலையும் அதுவே. குழுவின் மேசையில் அவருக்கென ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் புள்ளியியலும் மருந்தியலும் அறிந்திருக்க வேண்டியதில்லை. 'இவர் வேண்டாம் என்று சொன்னால், நாளை இவருடைய வேலைக்கும் சிகிச்சைக்கும் என்ன நேரும்?' என்று கேட்டு, மறுமொழி கிடைக்கும்வரை ஒப்பமிடாதிருந்தால் போதும்.