கடல் கடப்பவர் எதைக் கட்டி எடுத்துச் செல்வது?

1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் புறப்பட்ட ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், 'ஒலிம்பியா' என்ற கப்பலை முழுதாக வாடகைக்குப் பிடித்தார். கப்பலைக் கழுவித் தூய்மை செய்து, அவர் வழிபடும் கோபால்ஜியை அதில் எழுந்தருளச் செய்தார்கள். பிறகு ஆளுயர வெள்ளிக் குடங்களில் கங்கைநீர் ஏறியது. ஒரு குடம் ஏறத்தாழ 4,000 லிட்டர் கொள்ளும். வெற்றுக் குடத்தின் எடையே 340 கிலோவுக்கு மேல். அவற்றில் இரண்டை இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையில் பார்க்கலாம்.

பணம் படைத்தவரின் ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பயண ஏற்பாட்டின் அடியில் மெய்யான ஓர் அச்சம் இருந்தது. பிறந்த மண்ணையும் அதன் நீரையும் விட்டு அகன்ற பிறகும் ஒருவர் தம் தர்மத்தில் நிற்க முடியுமா? ஊரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதுதான் மகாராஜா கண்ட விடை.

இந்த அச்சம் மிகப் பழையது. போதாயன தர்ம சூத்திரம், சாதியிலிருந்து விழச்செய்யும் குற்றங்களின் பட்டியலைக் கடற்பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு விதித்த கழுவாயும் கடுமையானது. நான்கு வேளைக்கு ஒருமுறை கொஞ்சம் உணவு, நாளுக்கு மூன்று முறை நீராடல், பகலெல்லாம் நிற்பது, இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது என்று மூன்று ஆண்டுகள் கழிக்க வேண்டும். அதே நூல், கடலில் போவதை வடநாட்டாரின் தனி வழக்கங்களில் ஒன்றாகவும் குறிப்பிடுகிறது. ஆக, தடை எழுதப்பட்ட காலத்திலேயே மக்கள் கடலில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

தமிழ் வணிகர்களிடம் வேறொரு விடை இருந்தது. சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் ஆண்டு 1088. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் சிவன் திருமேனியை எழுந்தருளுவித்த செய்தியையும் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊரைக் கொண்டுபோக முடியாதவர்கள் போன இடத்தில் கோயில் எடுத்தார்கள்.

இஸ்லாம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. பயணிக்கு அது தடை விதிக்கவில்லை, சலுகை தருகிறது. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ரமலான் நோன்பைத் தள்ளிவைத்து, விடுபட்ட நாட்களைப் பின்னால் நோற்கலாம். வழிதவறிப்போவார்கள் என்ற பயத்துக்கு இங்கே இடமில்லை. மனித உடல் களைக்கும், வழியில் நேரம் முன்பின் ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டு, எது குறையலாம், எது குறையக்கூடாது என்று முன்கூட்டியே வகுத்துவைத்த ஏற்பாடு இது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் கடனை அடைத்து, மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டாரின் செலவுக்கு வழி செய்துவிட்டே கிளம்புவதும் இந்த முன்யோசனையின் தொடர்ச்சிதான்.

எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதுதான் இந்தக் கேள்வியின் உயிர்நாடி. அதற்கு விடை தேடிய ஓர் இளைஞரின் அனுபவம் விரிவாகவே பதிவாகியிருக்கிறது.

1888-இல் மோகன்தாஸ் காந்தி சட்டம் படிக்க இங்கிலாந்து போக விரும்பியபோது அவருக்கு வயது பதினெட்டு. தாய் புத்லிபாய் தயங்கினார். பேசார்ஜி சுவாமி என்ற சமணத் துறவி ஒரு வழி சொன்னார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சூளுரைத்தார், தாய் விடைகொடுத்தார். பம்பாயில் சாதித் தலைவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவரைச் சாதியிலிருந்து விலக்கினார்கள். அவருக்கு உதவுகிறவர்களும், துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 4-ஆம் தேதி அவர் கப்பலேறினார்.

சூளுரை உறுதியாக இருந்தது. மற்ற ஆயத்தம் போதவில்லை. கப்பலில் எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்கக் கூசி, கையோடு கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்று காலம் தள்ளினார். செப்டம்பர் கடைசியில் வெள்ளைக் கம்பளி உடுப்போடு கரையிறங்கியபோது, அந்த நிறத்தில் உடுத்தியிருந்தவர் தாம் ஒருவரே என்று கண்டு குன்றிப்போனார். பல நாள் அரைவயிற்றோடு அலைந்த பிறகே லண்டனின் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. அங்கே வாங்கிய, சைவ உணவுக்காக வாதாடும் ஹென்றி சால்ட்டின் நூலைப் படித்த பிறகு, தாய்க்காகக் காத்த விரதம் தம் சொந்த முடிவாக மாறியது என்று தம் சுயசரிதையில் சொல்கிறார்.

அதே நகரத்தில் சிலர் முட்டையை மாமிசக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைக் கேட்டு அவரும் சில காலம் முட்டை உண்டார். பிறகு யோசித்தார். வாக்குக் கேட்டவர் தாய். அவர் மனத்தில் மாமிசம் என்றால் முட்டையும் அடக்கம். ஆகவே முட்டையை விட்டார். விசாரிக்காமல் எந்தப் பலகாரத்தையும் தொட முடியாத நிலை வந்தது. அந்தச் சிரமத்தை அவர் ஏற்றுக்கொண்டார். சாதித் தலைவர்களின் தடை கட்டுப்படுத்தாத ஒருவரைத் தாயிடம் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தியது. கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் ஒழுக்கம் நிற்குமா என்ற பழைய கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

ஆனால் மனவுறுதி மட்டும் இருந்தால் போதுமா? கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். முதலில் மறுத்தவர், குலதெய்வமான நாமகிரித் தாயார் தம் தாயின் கனவில் வந்து அனுமதி தந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்குப் பிறகு இசைந்தார். குடுமியை எடுத்தார். பூட்ஸ் காலோடு நடக்கப் பழகினார். சைவ உணவை மட்டும் விடவில்லை. கேம்பிரிட்ஜில் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். உடலைக் காக்கும் சின்னச் சின்ன விவரங்களைத்தான் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்க வேண்டும் என்று தெரியாமல், அவர் மேல்விரிப்பின் மீது குளிரில் படுத்திருந்ததைக் கண்டு சொன்னவர் அங்கே படித்துக்கொண்டிருந்த பி. சி. மகலனோபிஸ். சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது, உணவுப்பொருள் அரிதானது. 1917-இல் நோய் பற்றியது. 1919-இல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதில் மறைந்தார். கடல் கடந்தவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று அவர் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. விரதத்தை இறுதிவரை காத்த மனிதருக்கு இது பெரும் அநீதி.

இன்று படிப்புக்கும் வேலைக்கும் விமானம் ஏறுகிறவர்களைச் சாதியிலிருந்து விலக்குவார் இல்லை. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பெட்டி கட்டும் வாரத்தில் அதற்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது நல்லது. உணவு, வழிபாடு, உடை, நோன்பு இவற்றில் உயிராகக் கருதுவது எது, வெறும் பழக்கமாக இருப்பது எது என்று பிரித்து எழுதிப் பார்க்கலாம். முதல் வகைக்கு ஏற்பாடு உடனே தொடங்க வேண்டும். விமானத்தில் சைவ அல்லது ஹலால் உணவு வேண்டுமானால் குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். தங்கப்போகும் இடத்தில் சமைக்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கொண்டுபோகும் உணவுப் பொருள்களை இறங்கியதும் அறிவிக்கத் தவறினால் அபராதம் உண்டு. அம்மா கட்டிக்கொடுத்த பொடிவகைகளுக்கும் இது பொருந்தும். மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிரைப் பற்றி அங்கே வாழ்கிறவரிடமே கேட்டு உடை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு; எல்லோரும் தள்ளிப்போடுவது. பெற்றோருக்கு ஏதேனும் நேர்ந்தால் பிள்ளை வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். விசா நிலையைப் பொறுத்து வரவே இயலாமலும் போகலாம். காத்திருப்பதா, உடனிருக்கும் மகளோ தம்பியோ இறுதிக் கடன்களைச் செய்வதா, ஆண்டுதோறும் திதியை யார் எங்கே கொடுப்பது என்பதையெல்லாம் பெற்றோர் நலமாக இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைக் குடும்பத்தார் அனைவரும் அறியச் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.