ஒரே பந்தியில்

ஆதித் திருச்சபையின் விருந்தோம்பலைப் புகழ்கிறவர்கள் டிடாக்கேயைப் படித்தால் சற்றுத் திகைப்பார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்று பலர் கருதும் அந்தச் சிறு ஒழுங்கு நூலில் விருந்தாளிக்குக் கெடு இருக்கிறது. ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் மறுநாளும். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம் நாம். அவர்கள் அதிலும் ஒரு நாளைக் குறைத்திருக்கிறார்கள். புறப்படும்போது அடுத்த தங்கலிடம் வரைக்குமான அப்பம் மட்டும் கொடுக்க வேண்டும். காசு கேட்டால் அப்போதும் அதே பட்டம்தான். ஊரிலேயே தங்கிவிட நினைக்கும் கைத்தொழிலாளி உழைத்துச் சாப்பிட வேண்டும்.

இதை நான் கஞ்சத்தனம் என்று நினைக்கவில்லை. கதவைத் தாழிட்டவர்களுக்கு இப்படி ஒரு விதி எதற்கு? வந்தவரையெல்லாம் உள்ளே அழைத்தவர்கள் ஏமாந்தும் இருப்பார்கள். கிறிஸ்தவர்களிடம் போகிற எத்தன் சீக்கிரமே பணக்காரனாகிவிடுவான் என்று இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க நையாண்டி எழுத்தாளர் லூசியன் கேலி செய்திருக்கிறார்.

ஆனால் வழிப்போக்கரை உபசரிப்பது ஒருவகையில் எளிது, அவர் போய்விடுவார். திரும்பத் திரும்ப வருகிற ஏழையோடு ஒரே பந்தியில் உட்காருவதுதான் கடினம். கொரிந்து சபை அதில்தான் தவறியது. கோயில் கட்டடம் இல்லாத காலம், வீடுகளில் கூடினார்கள். செல்வர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சாய்ந்து உண்ண வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம்; மற்றவர்களுக்கு முற்றம்தான் கிடைத்திருக்கும். அவரவர் உணவை அவரவர் முந்திக்கொண்டு தின்றார்கள். கையில் ஒன்றுமில்லாதவர், அநேகமாக வேலை முடித்து வந்த அடிமையோ கூலியாளோ, பசியோடு இருந்தார். கி.பி. 55-ஐ ஒட்டி எபேசுவிலிருந்து அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் கண்டித்தது உணவுப் பற்றாக்குறையை அல்ல, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதை. அவர் சொன்ன பரிகாரம் மிகச் சிறியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்; பசி தாளாதவர் வீட்டிலேயே சாப்பிடட்டும். இந்தப் பின்பாதி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அது தொடவில்லை.

197-ஐ ஒட்டி கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் காட்டும், அன்பின் விருந்து என்னும் சபைப் பந்தி இன்னும் தெளிவாக ஏழைகளை மனத்தில் வைத்து நடக்கிறது. மாதந்தோறும் விரும்பியவர் விரும்பியதைப் பொது நிதியில் போடுவார்கள். அது அநாதைகளுக்கும், முதியவர்களுக்கும், கப்பல் உடைந்து தவிப்பவர்களுக்கும், ஏழைகளின் அடக்கத்துக்கும் போகும். பந்தியில் பசி ஆறும் அளவே சாப்பாடு. கைகழுவி விளக்கேற்றிய பிறகு நடுவில் வந்து தேவனைப் பாடச் சொல்வார்கள். யார் எவ்வளவு குடித்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும் என்கிறார் அவர்.