யாருடைய நேரம்?

‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. இதில் சேரும் மாணவரோ மாணவியோ ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. நிறைவு செய்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

நல்ல முழக்கம்தான். ‘நான்’ என்பதைச் சற்றே தள்ளிவைக்கக் கற்றுக்கொள்வது எந்த இளைஞனுக்கும் நல்லது. ஆனால் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஒரு கரிசல் கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வரும் மாணவிக்கு இது புதிய பாடமா? சாப்பாட்டில் கடைசி, படிப்பில் தம்பிக்குப் பிறகு, தூக்கத்தில் வேலையெல்லாம் முடிந்த பிறகு என்று ‘எனக்காக அல்ல’ என்பதைப் பத்து வயதுக்குள் மனப்பாடம் செய்தவள் அவள். தன்னை மறக்கச் சொல்வதற்கு முன், மறப்பதற்கு ஒரு தன்னை அவளுக்கு விட்டுவைத்திருக்கிறோமா என்று கேட்க வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை ஊதியமில்லாமல் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். இந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால், ஓராண்டுக்கு நாம் கேட்கும் 120 மணி நேரத்தை ஒரு பெண் தன் வீட்டில் 24 நாட்களில் முடித்துவிடுகிறாள். சான்றிதழுக்குரிய 240 மணி நேரத்துக்கு அவளுக்கு 48 நாட்கள் போதும். மீதி நாட்களும் அவள் உழைக்கிறாள். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

வீட்டு வேலை அன்பால் செய்வது, அதை மணிக்கணக்கில் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொண்டும் அன்பால் செய்வதுதானே? அதற்கு வருகைப் பதிவேடு வைத்து, மணி எண்ணி, முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுக்கிறோம். எண்ணியதால் அதன் புனிதம் கெட்டுவிடவில்லை. ஆகவே எண்ணுவதில் பிழையில்லை. எந்த உழைப்பை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் பாகுபாடு இருக்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தானம் என்றால் கொடுப்பது கொடுப்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். முகாமுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் மாணவிகளிடமிருந்து வரும் முதல் கேள்வி, “ராத்திரி தங்கணுமா மேடம்?” இரண்டாவது கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்பதில்லை, வீட்டில் கேட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்த ஏழு நாளும் குழாயடியில் குடத்தோடு யார் நிற்பது? ஆட்டுக்கு யார் குழை ஒடிப்பது? அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போனால் உலை வைப்பது யார்? பெரும்பாலும் தங்கைதான். இல்லையென்றால் அம்மா ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்வாள். மாணவி தருவதாகப் பதிவாகும் நேரத்தில் ஒரு பங்கு அந்தச் சிறுமியுடையது, அந்தத் தாயுடையது. மாணவனின் நேரமும் அப்படித்தான். அவன் சட்டையைத் துவைத்தவளின் நேரம் அதில் இருக்கிறது. அவன் கேட்க வேண்டிய அவசியம் ஏற்படாததால் அது அவனுக்குத் தெரியாமல் போகிறது. ஒவ்வொரு தொண்டருக்குப் பின்னாலும் பெயர் பதியாத இன்னொரு தொண்டர் நிற்கிறார்.

முகாம் நடக்கும் ஊரையும் பார்ப்போம். மாசி மாதம் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம். காலை பத்து மணிக்கு விழிப்புணர்வுப் பேரணி கிளம்பினால் தெருவில் கிழவிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். யாருக்காக முழக்கமிடுகிறோமோ அந்தப் பெண்கள் காட்டில் நிரை பிடித்துப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எந்த நேரம் தோது என்று முன்கூட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சீமைக் கருவேலத்தின் கதையும் இதுதான். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டித் தென்மாவட்டங்களில் அதை வேரோடு எடுக்கும் வேலை நடந்தபோது மாணவர்களும் களத்தில் இறங்கினார்கள். கண்மாயை அடைக்கும் மரம், அகற்றத்தான் வேண்டும். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் பெண்களுக்கு அடுப்பெரிய விறகு தந்ததும், விறகு வெட்டிலும் கரிமூட்டத்திலும் கூலி தந்ததும் அதே மரம். வெட்டிய பிறகு அடுப்புக்கு என்ன வழி என்பதையும் சேர்த்து யோசிப்பதுதான் முழுமையான தொண்டு.

கல்லூரியை விட்ட பிறகும் இந்தச் சொல் பெண்களைத் தொடர்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் பலர் பட்டதாரிகள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ‘ஆசிரியர்’ என்று அழைத்தால் ஊதியம் கொடுக்க வேண்டியிருக்கும். ‘தன்னார்வலர்’ என்று அழைத்தால் ஊக்கத்தொகை போதும். அந்தப் பெண்கள் செய்த வேலை மதிப்புள்ளது, அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாணவிகள் தொண்டு என்ற சொல்லையும் உழைப்பு என்ற சொல்லையும் பிரித்தறியப் பழக வேண்டும். கூலி கேட்க வேண்டிய இடத்தில் கைகூப்பி நிற்கக் கூடாது.

அப்படியானால் பெண்கள் தொண்டுக்கே போக வேண்டாமா? கட்டாயம் போக வேண்டும். முகாமில் தங்கும் ஏழு இரவுகள் பல மாணவிகளுக்கு உறவினர் வீடு அல்லாத இடத்தில் கழியும் முதல் இரவுகள். முன்பின் தெரியாத ஊரில் மைக் பிடித்துப் பேசுவதும், ஊராட்சித் தலைவரிடம் கேள்வி கேட்பதும் அங்கேதான் தொடங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்து கற்ற பெண்களும் கற்பித்த பெண்களும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கொடுப்பவர், பெறுபவர் என்ற கோடு அங்கே அழிந்தது. இருவருமே தமக்காகவும் ஒன்றைப் பெற்றார்கள். ‘எனக்காகவும், உனக்காகவும்’ என்பது முழக்கமாக அத்தனை கம்பீரமாக ஒலிக்காது. ஆனால் அதுதான் நியாயமானது.

அடுத்த முகாமுக்குத் திட்டமிடும்போது சிலவற்றையாவது செய்யலாம். மாணவிகள் சமையலுக்கு, மாணவர்கள் மண்வெட்டிக்கு என்ற பிரிவினையை முதல் நாளே கலைத்து, இரண்டையும் முறைவைத்து எல்லோருக்கும் கொடுக்கலாம். கிராமத்துப் பெண்களிடம் நேரத்தையும் தேவையையும் கேட்டுவிட்டு நிகழ்ச்சி நிரல் எழுதலாம். தொண்டர் ஒவ்வொருவரும் முகாம் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில், ‘நான் இங்கே இருக்கும் ஏழு நாளும் என் வீட்டு வேலையைச் செய்பவர்’ என்று தலைப்பிட்டு ஒரு பெயரை எழுதலாம். மாணவர்கள் அதை எழுதும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த யோசனைக்கும் சில மணி நேரம் ஒதுக்கலாம்.