கடிகாரமா, மாவா?



1956-இல் லிக்னைட் நிறுவனம் ஏற்பட்டது முதல் நெய்வேலியில் பொழுதை அளப்பது ஷிப்டு நேரமே. ஆகவே வீட்டில் ரொட்டி சுடப் புகுந்த இல்லத்தரசியும் கடிகாரத்தையே நம்புவதில் வியப்பில்லை. மாவை ஒன்றரை மணி நேரம் பொங்கவிடச் சொல்லுகிறது புத்தகம். அவளும் அப்படியே விடுகிறாள். அது குளிர்தேசத்துச் சமையலறைக்கு எழுதிய கணக்கு. நம் சித்திரை வெயிலில் அந்த மாவு முக்கால் மணியிலேயே இரட்டிப்பாகி, பின் தளர்ந்து, கள் வாடை வீசும்.

சொன்னதைச் செய்தவள்மேல் குற்றமுண்டோ? விதியைக் கைக்கொள்வது நல்லதல்லவா என்பீர்கள். நல்லதே. அரைக் கிலோ மைதாவுக்கு 10 கிராம் உப்பு, 300 மில்லி தண்ணீர்; இவற்றை அளந்தே போட வேண்டும். இங்கே கைக்கணக்கு வீண் அகங்காரம். ஆனால் பிசைந்தது போதுமா என்பதை மாவே சொல்லும்: ஒரு துண்டை விரித்தால் கிழியாமல், சவ்வுபோல் வெளிச்சம் காட்ட வேண்டும்.

இட்லி மாவில் இந்த விவேகம் நம் தாய்மாருக்கு என்றோ உண்டு. மார்கழியில் கூடுதல் நேரம் விடுவார்கள், சித்திரையில் முன்னதாகவே எடுப்பார்கள். அச்செழுத்தைக் கண்டதும் அந்தக் கண்ணை மூடிக்கொள்வானேன்? "உன் அண்ணன் இந்த வயதில்..." என்று இளையவனைக் கடிந்துகொள்ளும்போதும் நாம் பார்ப்பது பிள்ளையையா, கணக்கையா?

அச்சில் இட்ட மாவு பொங்கியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மெள்ள எழும்பினால் பதம். சட்டென்று எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். எழும்பாமலே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. கொட்டிவிட வேண்டாம், இலேசாகப் பிசைந்து, மறுபடி உருட்டி வையுங்கள், இம்முறை அருகிலேயே இருந்து.