குடும்பத்தின் ஓய்வு நேரமும் ஓர் அமானிதம்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

   

கோடை விடுமுறை முடிந்து மக்தப்புக்கு வந்த பிள்ளைகளிடம், லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் சொன்ன பதில், கல்யாண மண்டபம். மீதிப் பேர், எங்கேயும் போகவில்லை ஹஜ்ரத், வீட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்கள். அவர்களுடைய தாய்மார்களிடம் கேட்டிருந்தால் இன்னும் சுருக்கமான பதில்தான் வந்திருக்கும்: கல்யாணம், ஆஸ்பத்திரி, மையித்து வீடு. பல குடும்பங்களில் ஒரு பெண் வருடம் முழுக்க வீட்டை விட்டு வெளியே வருவது இந்த மூன்றுக்கும்தான்.

ஏன் என்று வீட்டுத் தலைவரைக் கேட்டால், நம்ம ஊரில் என்ன இருக்கிறது ஹஜ்ரத், சென்னை பெங்களூரு என்றால் பார்க், பீச் என்று போகலாம், இங்கே எங்கே கூட்டிப் போவது என்கிறார். கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு, துரிஞ்சாபுரம் பக்கத்துக் கிராமங்களில் பத்து வீடு, பதினைந்து வீடு என்று வாழும் நம் மக்கள் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். இந்தப் பதில் சரிதானா என்பதைத்தான் இன்றைய ஜும்ஆவில் பார்க்கப் போகிறோம்.

குடும்பத்துக்கும் ஒரு ஹக்கு உண்டு

தஹ்ரீம் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தில், ஈமான் கொண்டவர்கள் தங்களையும் தங்கள் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். தொழச் சொல்வது, நோன்பு வைக்கச் சொல்வது மட்டும்தான் காப்பது என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளையின் மாலை நேரம் எங்கே போகிறது, யாருடன் போகிறது என்று பார்ப்பதும் காப்பதில் சேர்ந்ததுதான். நீங்கள் கூட்டிப் போகாத பிள்ளையை வேறு யாராவது எங்காவது கூட்டிப் போவார்கள். அது போதைப் பொருள் விற்கிறவனாகவும் இருக்கலாம், கைக்குள் இருக்கும் போனாகவும் இருக்கலாம்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களையும் அபுத் தர்தா (ரலி) அவர்களையும் நபிகள் நாயகம் (ஸல்) சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஸல்மான் ஒருநாள் அபுத் தர்தாவின் வீட்டுக்குப் போகிறார்கள். அவருடைய மனைவி எந்த அலங்காரமும் இல்லாமல் சோர்ந்து போன கோலத்தில் இருக்கிறார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எந்த நாட்டமும் இல்லை என்று பதில் வருகிறது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் அவரை உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார்கள், இரவில் தூங்க வைத்தார்கள், கடைசி நேரத்தில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். பிறகு, உம்முடைய ரப்புக்கு உம்மிடம் ஹக்கு இருக்கிறது, உம் உடலுக்கு ஹக்கு இருக்கிறது, உம் குடும்பத்துக்கும் ஹக்கு இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்றார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனது. ஸல்மான் சொன்னது உண்மை என்று தீர்ப்பானது. இது புகாரியில் வரும் செய்தி.

அன்பானவர்களே! இபாதத்தில் மூழ்கிய ஸஹாபியிடமே குடும்பத்தின் ஹக்கைக் கேட்டார்கள். கடையிலும் டீக்கடை பெஞ்சிலும் மூழ்கியிருக்கும் நம்மிடம் என்ன கேட்பார்கள்?

நாயகத்தின் நடைமுறையைப் பாருங்கள். பெருநாள் அன்று அபிசீனிய மக்கள் பள்ளிவாசலில் ஈட்டி வைத்து விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் மறைத்து நிறுத்தி, அவர்களுக்குப் போதும் என்று தோன்றும் வரை நின்று காட்டினார்கள். மனைவியுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதலில் ஆயிஷா ஜெயித்தார்கள், பிற்காலத்தில் நாயகம் ஜெயித்தார்கள். அபூ உமைர் என்ற சின்னப் பையனிடம் அவன் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே நடத்திய தலைவருக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்தது.

நம் ஊரில் என்ன இல்லை?

முதலில் நூலகம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக இருக்கும். வீட்டு வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா என்ற கணக்கில் அதை நாம் கட்டிக்கொண்டே வருகிறோம். 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் பலன் இது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டு வந்தது நம் மாநிலம்தான். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நகரத்தில் மாவட்ட மைய நூலகம், பேரூர்களிலும் பெரிய கிராமங்களிலும் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் இருக்கின்றன. காசு நம்முடையதும்தான், ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறது? பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். நமக்கு இதைவிட வசதி வேண்டுமா? இக்ரஃ என்று தொடங்கிய வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நாம்.

இரண்டாவது, சாத்தனூர் அணை. தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958ல் கட்டி முடிக்கப்பட்டது. பூங்கா இருக்கிறது, முதலைப் பண்ணை இருக்கிறது. வீட்டிலேயே புளிசோறும் முட்டையும் கட்டிக்கொண்டு போனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் இனிமையாகக் கழியும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம். உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்து பகரா அத்தியாயத்தின் 195வது வசனத்தில் இருக்கிறது. நீச்சல் தெரியாத பிள்ளையை அணையிலோ ஆற்றிலோ இறங்க விடாதீர்கள். இன்னொன்று, சாத்தனூர் போவது கஸ்ர் செய்யும் தூரமல்ல. லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். ஒரு தொழுகை விரிப்பை எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, ஜவ்வாதுமலை. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, தேன், சாமை. அதே மலைத்தொடரில் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986ல் அங்கே திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டம் கொண்டது. பொதுமக்களையும் அனுமதிக்கிறார்கள், நாளும் நேரமும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன என்று பார்க்க வேண்டாமா என ஃகாஷியா அத்தியாயத்தில் அல்லாஹ் கேட்கிறான். அந்த வசனத்தை ஓதிக் கொடுக்கும் நாம், வானத்தையும் மலையையும் ஒருநாளாவது பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

நான்காவது, செஞ்சிக் கோட்டை. திண்டிவனம் சாலையில் காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டைகளில் அதுவும் ஒன்று. 18ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. இந்த மண்ணில் நம் வேர் எத்தனை ஆழம் என்று பிள்ளை அங்கே நின்று தெரிந்துகொள்ளட்டும்.

செலவு அதிகமாகுமே என்ற கவலை வேண்டாம். அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பௌர்ணமி, தீபம் நாட்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தில் நமக்கும் பஸ் கிடைக்காது, அவர்களுக்கும் நெரிசல் கூடும்.

அது நமக்கான இடமில்லையா?

இத்தனையும் இருந்தும் போகாததற்குக் காரணம் சில நேரம் பணமில்லை, நேரமில்லை. மனதில் ஒரு தயக்கம். இது கோயில் நகரம், நூலகமோ விளையாட்டுத் திடலோ கிராம சபையோ மற்றவர்களுடையது, நாம் ஒதுங்கி இருப்பதே மரியாதை என்று ஒரு நினைப்பு. சகோதரர்களே, இந்த நினைப்பை விட்டுவிடுங்கள். பொதுச் சொத்து என்றால் பொதுவானதுதான். மார்க்க விஷயத்தில் நம்முடன் போரிடாத, நம்மை வீட்டை விட்டு விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. மும்தஹினா அத்தியாயத்தின் எட்டாவது வசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திய அளவைப் பார்த்து, அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நாயகம் (ஸல்) எண்ணினார்கள்.

2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மழையும் மண்ணும் யாருடைய மதத்தையும் கேட்பதில்லை. அப்படி ஒரு இரவில் யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே. அந்த அறிமுகம் ஆபத்து வந்த பிறகு உண்டாகாது. பிள்ளைகள் ஒன்றாக விளையாடும்போதும், தாய்மார்கள் அங்கன்வாடி வாசலிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் பேசிக்கொள்ளும்போதும் உண்டாகிறது.

பேணுதலைக் கைவிடச் சொல்லவில்லை. ஹிஜாப் இருக்கட்டும், தொழுகை நேரம் இருக்கட்டும், ஆபாசமும் வீண் கூத்தும் உள்ள இடத்துக்குப் போக வேண்டாம். போன இடத்தில் குப்பை போடாமல் வாருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு

உங்கள் ஊராட்சியில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஆண், பெண் யார் வேண்டுமானாலும் பேசலாம். பிள்ளைகளுக்குத் திடல் வேண்டும், நூலகக் கட்டடம் ஒழுகுகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுங்கள். 2024ல் தொடங்கிய திட்டத்தில் ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வந்திருக்கின்றன. எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கி உங்கள் பிள்ளைகளையும் சேர்த்து விடுங்கள். விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நல அலுவலகத்தை அணுகி, முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

பெண்கள் நாயகத்திடம் வந்து, ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) ஒரு நாளை ஒதுக்கி அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். பெருநாள் அன்று தொழ முடியாத நிலையில் உள்ள பெண்களும் வந்து அந்த நன்மையில் கலந்துகொள்ளட்டும் என்றார்கள். இந்த ஸுன்னத் நமக்குத் தெரியும். ஆனால் நம் மதரஸா மண்டபங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன.

முத்தவல்லிகளிடமும் நிர்வாகிகளிடமும் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். மாதத்தில் ஒரு நாள் மதரஸா மண்டபத்தைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்து விடுங்கள். அரை மணி நேரம் பயான், மீதி நேரம் தையல், வாசிப்பு, கைவேலை, பேச்சு. மக்தப் பிள்ளைகள் அனைவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய் நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். கட்ட முடியாதவர்களின் தொகையை ஜமாஅத் கட்டட்டும். பள்ளி விடுமுறையில் ஒருமுறை ஏழைக் குடும்பங்களையும் சேர்த்து ஒரு வேனில் சாத்தனூருக்கோ ஜவ்வாதுமலைக்கோ கூட்டிப் போங்கள். வெளிநாட்டில் கணவர் இருக்கும் வீடுகள், தந்தையை இழந்த பிள்ளைகள், இவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் வரட்டும். கல்யாணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாம் செலவழிப்பதில் சிறு பங்கு போதும்.

ஆரோக்கியம், ஓய்வு நேரம் என்ற இரண்டு நிஃமத்துகளில் மனிதர்களில் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள் என்று நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள். பிள்ளைக்கு நம் கையைப் பிடித்து நடக்கும் வயது சில வருடங்கள்தான். அதற்குப் பிறகு நாம் கூப்பிட்டாலும் வரமாட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்கு முன் இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். நூலகமாக இருக்கட்டும், ஏரிக்கரையாக இருக்கட்டும், வீட்டாரோடு போய் வாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மனைவியரையும் மக்களையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பாயாக. நீ கொடுத்த நேரத்துக்கு உன்னிடம் பதில் சொல்லும் தகுதியைத் தருவாயாக. எங்கள் ஊரையும் அதில் வாழும் அனைத்து மக்களையும் ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.